கடைசி நிறுத்தத்தில் ஒரு கல்யாண மண்டபம்

லூமுட்
6 ஜூலை 2026, திங்கள்

அன்புள்ள துளசிக்கு,

என் யுகேந்திரனின் நினைவு இணையப் பக்கம் காம்பாரில் ஒரு கல்யாண மண்டபத்தின் விளம்பரமாக இருக்கிறது. நேற்று காலை பத்தேகால் மணிக்கு, என் கைப்பேசியில், நானே பார்த்தேன். நான் நிருபராக இருந்த பத்திரிகையில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்த பாப்பா தன் மகள் கல்யாணத்துக்கு அழைப்பு அனுப்பியிருந்தாள். மண்டபம் எங்கே என்று தெரிந்துகொள்ள அதிலிருந்த இணைப்பை அழுத்தினேன்.

முதலில் தவறான பக்கத்தைத் திறந்துவிட்டேன் என்று நினைத்து மூடினேன். மறுபடி திறந்தேன். அதே பக்கம். அதே வெளுத்த சாம்பல் நீலம். அதே ஓரம் கிழிந்த பஸ் டிக்கெட். இடது ஓரத்தில் மேலிருந்து கீழே வரிசையாக நிறுத்தங்கள். அவர் பக்கத்தில் ஈப்போ, பாரிட், போத்தா, சித்தியவான், லூமுட் என்று இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் வாழ்க்கையின் ஒரு வருஷம். இங்கே நிச்சயம், நலங்கு, தாலி, விருந்து என்று இருந்தது. விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனேன். போகப் போகவே தெரிந்துவிட்டது, கடைசியில் என்ன இருக்கும் என்று. இருந்தது.

"மெதுவா எறங்குங்க, அவசரம் ஒன்னும் இல்ல."

இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டி, லூமுட் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் பயணிகளைப் பார்த்து அவர் சொன்ன வாக்கியம். அதற்குக் கீழே மண்டப முன்பதிவுக்கான தொலைபேசி எண்.

துளசி, போன ஆகஸ்ட் 19ஆம் தேதி அவர் இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு நீ புந்தோங்கிலிருந்து வந்து, சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் என்னை அறைக்குள் கூட்டிப்போய் அந்தப் பக்கத்தைக் காட்டினாய். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதேன். அதை வரைந்தவள் நீ ஒருத்திதான். காம்பார் மண்டபத்துக்கு அது எப்படிப் போனது?

வாட்ஸ்அப்பில் கேட்டால் நீ ஓர் அழுகை முகத்தை அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் மின்னஞ்சலில் கடிதமாகவே எழுதுகிறேன். நீயும் கடிதமாகவே எழுது.

என்றும் உன்,
நவமணி


புந்தோங், ஈப்போ
8 ஜூலை 2026

அன்பு நவாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த மண்டபத்தின் பக்கத்தைத் திறந்தேன். கை தட்டி மேசையிலிருந்த மைலோ கோப்பை கவிழ்ந்தது. துடைக்கக்கூட எழவில்லை. தவறு என்னுடையது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒருமுறை கேட்டாய், நான் "ஏஐக்கு வாத்தியார்" என்று சொல்லிச் சிரித்தேன். உண்மையான வேலை இதுதான். கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் கம்பெனி சின்னக் கடைக்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறது. கம்ப்யூட்டர் கோடு எழுதுவது ஆள் இல்லை, ஏஐ. கடைக்காரர் நாலு வரி சொன்னால் பத்து நிமிஷத்தில் பக்கம் தயாராகிவிடும். ஆனால் எதைக் கேட்டாலும் ஒரே பக்கத்தைத்தான் தரும். ஊதாவில் தொடங்கி நீலத்தில் கரையும் பின்னணி, நடுவில் பெரிய தலைப்பு, கீழே முனை மழுங்கிய மூன்று பெட்டி. சவப்பெட்டி விற்கிறவருக்கும் டுரியான் பழம் விற்கிறவருக்கும் ஒரே முகம். கடைக்காரர்கள் சலித்துப்போய் விலகினார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதற்கே உரிய தோற்றம் வரவைக்க வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். முப்பது வருஷம் அச்சகத்தில் பத்திரிகையும் அழைப்பிதழும் வடிவமைத்தவள் என்பதால்.

நான் ஒரு வழிகாட்டிக் குறிப்பு எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தையும் தொடங்குமுன் ஏஐ அதைப் படித்துவிட்டுத்தான் தொடங்கும். எதைச் செய்யக் கூடாது, எப்படி யோசிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். படித்தது, மறுபடியும் ஊதாவையே போட்டது. வெறும் புத்திமதி ஏறவில்லை, ஒரு முழு எடுத்துக்காட்டு வேண்டும் என்று தோன்றியது. யுகேந்திரன் அண்ணேவின் பக்கத்தை முடித்த கையோடு, அதை எப்படிச் செய்தேன் என்று அதில் எழுதிவைத்தேன். ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து நிறமும் வடிவமும் எப்படி வருகின்றன என்பதைக் கற்றுக்கொள்ளும் என்று நம்பினேன்.

அது வழியைப் பார்க்கவில்லை, நவா. டிக்கெட்டைப் பார்த்தது. எடுத்துக்காட்டு ஒன்றே ஒன்று இருந்ததால் அதையே அச்சாக எடுத்துக்கொண்டது. ஊதா போய் உன் வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

நேற்றே அந்த எடுத்துக்காட்டை நீக்கிவிட்டேன். இனி புதிதாக வராது. முன்பே போனவை எத்தனை என்று கேட்டிருக்கிறேன். பெயரை நான் எழுதவில்லை, படமும் வைக்கவில்லை, அதனால் யாருக்கும் தெரியாது என்று அப்போது என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். உனக்குத் தெரியும் என்பது எனக்கு உறைக்கவில்லை. உன்னைக் கேட்காமல் செய்தது பெரிய தப்பு. மன்னிப்புக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

கண்டித்தாவது எழுது.

உன்,
துளசி


லூமுட்
13 ஜூலை 2026

அன்புள்ள துளசிக்கு,

அதே டிக்கெட் தோற்றத்தில் இதுவரை பதினொரு பக்கங்கள் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, முகவரியும் நேரமும் குறித்திருக்கிறேன். காம்பார் மண்டபம், ஈப்போவில் ஒரு பல் மருத்துவமனை, சித்தியவானில் மீன் வலைக் கடை, இங்கே படகுத்துறைக்கு எதிரே ஜைனுலாப்தீன் பாயின் சாப்பாட்டுக் கடை. மற்றவை வெளி மாநிலங்கள். பல் மருத்துவமனையின் பக்கத்திலும் "மெதுவா எறங்குங்க" இருக்கிறது. எதிலிருந்து இறங்குவது என்று அவர்களும் யோசிக்கவில்லை.

பாய் கடைக்கு நடந்தே போனேன். பக்கத்தைக் காட்டினேன். "ஆமாக்கா, புதுசு. மகன் செஞ்சான், நல்லாருக்கா?" என்றார். யாருடையது என்று சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார். "டிரைவர் அண்ணன் தெனம் இங்கதானேக்கா தே தாரிக் டீ குடிச்சாரு. அவரு சொல்ற பேச்சுன்னு எனக்கே வெளங்கலயே." மகனைக் கூப்பிட்டு, நான் நின்றுகொண்டிருக்கும்போதே எடுக்கச் சொன்னார்.

காம்பாரில் அப்படி நடக்கவில்லை. மண்டபத்தின் உரிமையாளர் கார்த்திகேசு. வயது நாற்பதுக்குள். மரியாதையாகத்தான் பேசினார்.

"அக்கா, நான் காசு கட்டி வாங்குனதுலா. களவாண்டா எடுத்தேன்?"

"இது என் கணவருடைய நினைவுப் பக்கம், தம்பி."

"அவரு பேரு எங்கயாச்சும் இருக்கா, காட்டுங்க."

"பெயர் இல்லை."

"அப்புறம் எப்படிக்கா? டிக்கெட் டிசைன் ரொம்ப லக்கு, நல்லா ஓடுது. இந்த மாசம் மட்டும் ஒன்பது புக்கிங். பொண்ணு மாப்பிள்ளை எல்லாம் அது மாதிரியே அட்டை அடிச்சு போட்டோ எடுக்கறாங்க. கடைசில அந்த வரி இருக்கு பாருங்க, கெழவிங்க எல்லாம் சிரிக்கிறாங்க."

சிரிக்கிறார்கள் என்று சொன்னதும் குறிப்பேட்டை மூடிவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் நிருபராக இருந்திருக்கிறேன், விபத்து நடந்த வீட்டிலும் கேள்வி கேட்டிருக்கிறேன். அங்கே கேட்க முடியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ தப்பை ஒத்துக்கொண்டது சரி. ஆனால் நீ சொல்வதை வைத்து மட்டும் நான் எதையும் முடிவு செய்ய முடியாது. அந்தக் குறிப்பை எனக்கு அனுப்பு. சுருக்கி வேண்டாம். நீ முதலில் எழுதியபடி, ஒரு வரி மாற்றாமல். மொத்தம் எத்தனை பக்கங்கள், கம்பெனி என்ன செய்யப்போகிறது என்பதையும் எழுது.

நவமணி


புந்தோங், ஈப்போ
16 ஜூலை 2026

அன்பு நவாவுக்கு,

கம்பெனி எண்ணிச் சொல்லிவிட்டது. அறுபத்து மூன்று. இந்த எண்ணை நான் இரண்டு நாள் உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன்.

வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் அவர்கள் பக்கத்தைத் தொட முடியாதாம். அறுபத்து மூன்று பேருக்கும் கடிதம் போய்விட்டது. புதிய தோற்றம் இலவசம், ஆகஸ்ட் 10க்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கார்த்திகேசுவுடன் நானே பேசுகிறேன்.

குறிப்பைத் திருத்தி எழுதிவிட்டேன். இப்போது அதில் எடுத்துக்காட்டே கிடையாது. கோடு எழுதுமுன் கடைக்காரரிடம் கேள்வி கேட்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கையில் எப்போதும் என்ன இருக்கும், வருகிறவர் முதலில் எங்கே பார்ப்பார், எந்த நிறத்தைப் பார்த்தால் உங்களுக்கு எரிச்சல் வரும் என்று. இங்கே டயர் கடைக்குச் செய்து பார்த்தேன். கறுப்பில் மஞ்சள் சாக்பீஸ் கிறுக்கலாக வந்தது, அவர் டயரில் எழுதிவைப்பது போலவே. பக்கத்துப் பாலர் பள்ளிக்கு முழுக்க வேறு. உனக்கு இதில் ஆறுதல் இருக்காது என்று தெரியும். அண்ணேவுக்கு வேறு ஒரு பக்கம், யாரிடமும் இல்லாதபடி, நான் புதிதாக வரைந்து தருகிறேன். நினைவு நாளுக்கு முன் முடித்துவிடுவேன்.

நீ கேட்ட பழைய குறிப்பு கீழே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். வேறு எதையும் மாற்றவில்லை.

துளசி

(இணைப்பு)

தோற்ற வழிகாட்டி. எடுத்துக்காட்டு சேர்த்த வடிவம். 11 ஜூன் 2025.

நிறத்தை முதலில் தேர்ந்தெடுக்காதே. இந்தப் பக்கம் யாருடையது, யார் பார்க்க வருவார்கள், என்ன மனநிலையில் வருவார்கள் என்பதை முதலில் கேள். ஊதாவிலிருந்து நீலத்துக்குப் போகும் பின்னணி வேண்டாம். ஒரே அளவில் மூன்று பெட்டிகள் வேண்டாம். எல்லாப் பக்கத்திலும் இருக்கும் எழுத்துரு வேண்டாம். ஒரு பக்கத்தில் ஏதாவது ஒன்றைத் துணிந்து செய், மற்றவற்றை அடக்கி வை.

எடுத்துக்காட்டு. அறுபத்திரண்டு வயது பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு வருஷம் ஒரே சாலை. நிறம்: அவர் சீருடைச் சட்டையின் நீலம், புதியதல்ல, துவைத்துத் துவைத்து வெளுத்தது. வடிவம்: கையால் கிழித்த டிக்கெட். வாழ்க்கை வருஷங்கள் நிறுத்தங்களாக மேலிருந்து கீழே வரும். அசைவு எதுவும் வேண்டாம். பக்கத்தைப் பார்க்கப்போகிறவர் அவர் மனைவி. மனைவி எல்லாவற்றையும் சரிபார்ப்பவர். ஆகவே தேதிகள் தெளிவாக, சரியாக இருக்க வேண்டும். கடைசியில் ஓட்டுநர் பயணிகளிடம் சொல்லும் வாக்கியம், அவர் சொல்லும் பேச்சிலேயே: "மெதுவா எறங்குங்க, அவசரம் ஒன்னும் இல்ல."


லூமுட்
17 ஜூலை 2026

துளசி,

குறிப்பின் தேதி 11 ஜூன் 2025. அவர் இறந்தது 19 ஆகஸ்ட் 2025.

தேதியை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று எழுதாதே. நீ அச்சகத்தில் இருந்தவள். பக்கத்தை முடித்த கையோடு எழுதினேன் என்று உன் 8ஆம் தேதிக் கடிதத்தில் இருக்கிறது. பதினாறு நாளில் இவ்வளவு சரியாக எப்படிச் செய்தாய் என்று அன்று அந்த அறையில் உன்னைக் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. அழுகிறாய் என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் அவர் நன்றாக இருந்தார். முட்டி வலி என்று வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டு டிப்போவில் சீட்டுக் கொடுக்கும் வேலைக்கு மாறியிருந்தார், அவ்வளவுதான். ஆகஸ்டில் ஒரு காலை எழுந்திருக்கவில்லை.

உயிரோடு இருந்தவருக்கு நீ ஏன் நினைவுப் பக்கம் செய்தாய்? செய்யச் சொன்னது யார்?

நவமணி


புந்தோங், ஈப்போ
20 ஜூலை 2026

நவா,

அவர்தான்.

2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை. பதினொரு மணி இருக்கும். சீருடையோடு வந்து கதவைத் தட்டினார். பெரியாஸ்பத்திரியிலிருந்து வருவதாகச் சொன்னார். நீயும் வந்திருக்கிறாயா என்று வாசலை எட்டிப் பார்த்தேன். "அவ வரல. அவளுக்குத் தெரியவும் வேணாம்" என்றார்.

இனி அவர் பேசியபடியே எழுதுகிறேன். நீ அதைத்தான் கேட்பாய்.

"நெஞ்சுல கொழா அடச்சிருக்காம் துளசி. டாக்டரு படம் போட்டுக் காட்டுனாரு. வெட்டுனாலும் பொழைக்கிறது பாதிக்குப் பாதிதான்னாரு. நான் வேணாம்னுட்டேன். நீ இந்த இண்டர்நெட்டுல பக்கம் செய்வியே, எனக்கு ஒன்னு செஞ்சு வையி. நான் போனப்புறம் அவகிட்ட காட்டு."

நான் கத்தினேன், நவா. "என்னண்ணே பேசுறீங்க? இப்பவே அவளுக்குப் போன் போடுறேன்" என்று கைப்பேசியை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போடாத. சொன்னா அவ விட மாட்டா. பினாங்கு, கேஎல்னு ஒவ்வொரு ஆஸ்பத்திரியா ஏறி எறங்குவா. ஒவ்வொரு டாக்டரையும் பேட்டி எடுப்பா. அப்புறம் என்னைய எடுப்பா. ஏன் வேணாங்குறீங்க, யாரு சொன்னா, என்னைக்குச் சொன்னான்னு. அவ கேட்டா நான் பதில் சொல்லாம இருந்ததே இல்ல. இதுக்குப் பதில் சொல்லத் தெம்பு இல்லலா."

சத்தியம் வாங்கிக்கொண்டார். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பிறகு உட்கார்ந்தோம். நான் கேட்டேன், அவர் சொன்னார். என்ன நிறம் என்றேன். காலரை இழுத்துக் காட்டி, "இந்தக் கலரு. கடையில இருக்குற கலரு இல்ல, அவ தொவச்சுத் தொவச்சு வந்த கலரு" என்றார். டிக்கெட்டும் நிறுத்தங்களும் அவர் யோசனை. தேதிகளைத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். "தப்பா இருந்தா திருத்தி அனுப்பிச்சிருவா" என்றார்.

ஒரு மணி நேரத்தில் பக்கம் வந்துவிட்டது. இரண்டு மாதமாக ஏஐயிடம் மல்லுக்கட்டியும் எனக்குப் பிடிபடாத ஒன்று அன்றைக்குப் பிடிபட்டது. ஒரு ஆளை உட்காரவைத்துக் கேட்டால் தோற்றம் தானாக வரும் என்று. மறுநாள் எழுதினேன். ஆனால் அதற்காக மட்டும் எழுதவில்லை. நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது. வேறு யாரிடம் சொன்னாலும் உன் காதுக்கு வந்துவிடும். ஏஐயைத் தவிர யாரும் படிக்காத ஒரு கோப்பு அது என்று நினைத்தேன். அங்கே கொட்டினேன். அது அறுபத்து மூன்று பேரிடம் சொல்லிவிட்டது.

தேதியை அழித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். குறிப்பை உனக்கு அனுப்பிய அன்று இரண்டு முறை அழித்தேன். இரண்டு முறையும் திரும்பப் போட்டேன்.

துளசி


லூமுட்
29 ஜூலை 2026, புதன்

துளசி,

யுகேந்திரன் 2025 ஜூன் 3ஆம் தேதி டிப்போவில் டாக்டர் கடிதம் கொடுத்திருக்கிறார். இதய நோய், பயணிகள் வண்டி ஓட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. சொன்னவர் டிப்போ மேற்பார்வையாளர் சதாசிவம். நகலை நேற்று மாலை எனக்குக் காட்டினார். "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்கா. சாவுக்கு வந்தப்போ நீங்க முட்டி முட்டின்னீங்க. அதிர்ச்சில பேசுறீங்கன்னு விட்டுட்டேன்" என்றார். முட்டியைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

ஆக, நீ எழுதியது சரி. சதாசிவத்துக்குத் தெரியும், உனக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தெரியும். ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியாது. இரவு முழுக்க முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன். அவரும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் சோறு வைத்து, இரண்டு தட்டு எடுத்தேன்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் பினாங்கு போயிருப்பேன். டாக்டர்களைக் கேட்டிருப்பேன். அவரையும் கேட்டிருப்பேன், அவர் சொன்ன அதே கேள்விகளை, அதே வரிசையில். பாதிக்குப் பாதி என்பதில் ஒரு பாதி பிழைப்பதுதானே என்றும் கேட்டிருப்பேன். அதைக் கேட்க எனக்கு எழுபது நாள் இருந்தது. அந்த எழுபது நாளில் நீயும் நானும் நான்கு முறை போனில் பேசியிருக்கிறோம். ஜூலை கடைசியில் நீ இங்கே வந்து மூன்று பேரும் படகுத்துறையில் மீன் வாங்கினோம். வால் பக்கத்தை எனக்குக் கொடுங்கள் என்று நீ அவரிடம் சண்டை போட்டாய். அன்று உன் முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எதுவும் தெரியவில்லை.

டிக்கெட் அறுபத்து மூன்று இடங்களுக்குப் போனது இப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மூன்று வாரத்துக்கு முன் அதற்காகத்தான் உனக்கு எழுதினேன் என்பதே நம்ப முடியாமல் இருக்கிறது.

புதிய பக்கம் வரைய வேண்டாம். வரைந்துவிட்டால் எனக்கு அனுப்பாதே. இருப்பது அவர் உட்கார்ந்து சொல்லிச் செய்தது. அதில் உள்ள தேதிகள் எல்லாவற்றையும் நேற்று மறுபடி சரிபார்த்தேன். தவறு இல்லை.

மற்றவை: கம்பெனியிலிருந்து வந்த கணக்குப்படி நாற்பத்து நான்கு பக்கங்கள் மாறிவிட்டன, பதினாறு பேர் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேரிடமிருந்து பதில் இல்லை. கார்த்திகேசு மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்கும் கெடு ஆகஸ்ட் 10தான். அதற்குப் பிறகு என்ன என்று கம்பெனி இன்னும் சொல்லவில்லை.

ஓராண்டு நினைவு நாள் ஆகஸ்ட் 19, புதன்கிழமை. காலை பூசை, மதியம் சாப்பாடு. உன்னை வா என்றும் எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை. அது எனக்கே இன்னும் தெரியவில்லை.

அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். உன் கடிதத்தை ஆறு முறை படித்தேன். அவர் வந்ததை எழுதியிருக்கிறாய், உட்கார்ந்ததை, பேசியதை எழுதியிருக்கிறாய். கிளம்பிப் போனதை எழுதவில்லை. வேறு எதுவும் கேட்கமாட்டேன். ஜூன் 10, உன் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பும்போது அவர் பயந்திருந்தாரா?

ஆகஸ்ட் 12க்குள் எழுது.

நவமணி